வற்றுக்கடலின் மாணவர்

கடலைப் பற்றி எழுதியோர் பலர். அவருட் பெரும்பாலோர் கப்பலின் மேற்றளத்தில் நின்று அதனைக் கண்டவர். கடல் பின்வாங்கும் சிறுபொழுதில் முழங்காலளவு நீரில் இறங்கி, பாறையிடுக்குகளிலே குனிந்து, அங்கு வாழுஞ் சிற்றுயிர்களின் குடியிருப்பை ஆராய்ந்தோர் சிலரே. அச்சிலருள் முன்வைத்து எண்ணத்தக்கவர் அமெரிக்கரான எட்வேட் றிக்கெற்ஸ். கடலில்லாத நகரிற் பிறந்து, கரையோரத்தையே தமக்குக் கல்லூரியாக்கிக் கொண்டவர் அவர்.

1897ஆம் ஆண்டு மே மாதம் 14ஆம் நாள் சிக்காகோவில் அவர் பிறந்தார். முதலாம் உலகப் போர்க்காலத்தில் இராணுவ மருத்துவப் பிரிவிற் பணிபுரிந்து, பின்னர் சிக்காகோப் பல்கலைக்கழகம் புகுந்தார். நடுவே படிப்பை நிறுத்திவிட்டுத் தென் மாநிலங்களினூடே நெடுந்தொலைவு கால்நடையாகச் சென்றதும் உண்டு. பல்கலைக்கழகத்தில் அவர் உள்ளத்தைக் கவர்ந்தவர் அலீ என்னும் விலங்கியற் பேராசிரியர். விலங்குகள் கூடி வாழ்வதன் காரணம் யாது, அக்கூட்டுறவால் அவை எய்தும் நன்மை யாது என்பனவே அப்பேராசிரியரின் ஆராய்ச்சிப் பொருள்கள். ஆசான் ஊன்றிய அவ்வித்து மாணவரின் வாழ்நாள் முழுவதும் வளர்ந்தது. ஆயினும் றிக்கெற்ஸ் பட்டம் பெறாமலே பல்கலைக்கழகத்தை விட்டு நீங்கினார்.

1923இல் மேற்குக் கரையிலுள்ள கலிபோர்ணியாவுக்குக் குடிபெயர்ந்து, நண்பர் ஒருவருடன் சேர்ந்து உயிரியல் ஆய்வுகூடம் ஒன்றை நிறுவினார். பாடசாலைகளுக்கும் கல்லூரிகளுக்கும் வேண்டிய விலங்கு மாதிரிகளைப் பதப்படுத்தி அனுப்புவதே அதன் தொழில். பின்னர் அது மொன்ரரே நகரில், மீனைத் தகரத்தில் அடைக்கும் தொழிற்சாலைகள் நிரையாய் நின்ற தெருவுக்கு இடம்பெயர்ந்தது. அங்கே வணிகம் ஒருபோதும் செழிக்கவில்லை, அறிவே செழித்தது. எழுத்தாளரும் ஓவியரும் மீனவரும் வேலையற்றோரும் வேறுபாடின்றி அவர் வாயிலை நாடினர்.

மாதிரிகளைத் தேடும் தொழில் அவரை ஓயாப் பயணியாக்கியது. மோட்டார் வண்டியில் ஜாடிகளையும் வாளிகளையும் ஏற்றிக்கொண்டு, மெக்சிக்கோவின் வடகரை முதல் வாசிங்டன் மாநிலத்துப் பியூஜெற் குடா வரையுள்ள அலைமோதுங் கரைகளிலே அவர் திரிந்தார். 1932இல், பின்னாளிற் புராணவியல் அறிஞராகப் புகழ்பெற்ற ஜோசெப் காம்பெல் முதலியோருடன் சிறு படகொன்றில் அலாஸ்கா வரை சென்றார். அப்பயணங்களுக்கு நாள் குறித்துக் கொடுத்தது சந்திரனே. பூரணையையும் அமாவாசையையும் ஒட்டிய நாட்களிலேதான் கடல் மிகத் தாழ வற்றும். கலிபோர்ணியாவில் அந்த ஆழ்ந்த வற்று கோடையில் விடியற்காலையிலும் குளிர்காலத்திற் பிற்பகலிலும் நிகழ்வது. அந்த இரண்டொரு மணி நேரத்துக்குள் கீழ்ப்பாறைகளை எய்தாவிடின், அடுத்த வற்று வரையிற் காத்திருத்தல் வேண்டும்.

ஆண்டுதோறும் அவ்வாறு அலைந்தவர்க்கு ஓர் உண்மை புலனாயிற்று. பேரலை மோதும் பாறையிலே மட்டிகள் செறிந்திருக்கும். அவற்றிடையே காம்பினாற் பற்றி நிற்கும் கொட்டலசுகள் வாழும். மட்டிகளைத் தின்னும் நட்சத்திரமீன் அங்கேயே உலவும். இம்மூன்றும் ஒன்றாய்க் காணப்படும் இடம் திறந்த கடலின் பாறைக்கரை எனத் துணியலாம். அமைதியான குடாவின் சேற்றிலோ வேறொரு குடும்பம் வாழும். அலையின் வேகம், தரையின் தன்மை, நீர் வற்றிய நிலையில் வெளிப்பட்டிருக்கும் கால அளவு ஆகிய மூன்றுமே எவ்வுயிர் எங்கு வாழும் என்பதைத் தீர்மானிக்கின்றன.

இக்கொள்கையை அடிப்படையாகக் கொண்டு ஜாக் கல்வின் என்பவரின் துணையோடு அவர் ஒரு நூல் எழுதினார். அக்கால விலங்கியல் நூல்கள் உயிர்களை இனவாரியாக அடுக்கிச் சென்றன. றிக்கெற்ஸோ அவற்றை வாழிடவாரியாக அமைத்தார். கையெழுத்துப்படியைப் பார்வையிட்ட துறை அறிஞர் ஒருவர் அவ்வொழுங்கையும், பட்டம் பெறாத ஒருவரின் முயற்சியையும் ஐயுற்றார். வெளியீடு ஆண்டுக்கணக்கில் தாமதித்தது. அதனிடையே 1936 நவம்பரில் அயலிலிருந்த தொழிற்சாலையில் மூண்ட தீ ஆய்வுகூடத்தையும் பற்றியது. நூல்களும் குறிப்பேடுகளும் சாம்பராயின. கையெழுத்துப்படி முன்னரே ஸ்ரான்போட் பல்கலைக்கழகப் பதிப்பகத்திடம் சென்றிருந்தமையால், அஃதொன்று பிழைத்தது. ‘பசிபிக் வற்றுப்பெருக்குகளிடையே’ என்று பொருள்படும் அந்நூல் 1939இல் வெளிவந்தது.

1930 முதலே அவருக்கு உற்ற நண்பராய் விளங்கியவர் நாவலாசிரியர் ஜோன் ஸ்ரைன்பெக். 1940 மார்ச் 11 முதல் ஏப்பிரல் 20 வரை இருவரும் ‘வெஸ்ரேன் பிளையர்’ என்னும் மீன்பிடிப் படகிலே கலிபோர்ணியா வளைகுடாவைச் சுற்றி வந்து, ஐந்நூறுக்கு மேற்பட்ட இனங்களைச் சேகரித்தனர். பயணத்தின்போது நாட்குறிப்பு எழுதியவர் றிக்கெற்ஸ். அதனைக் கதைப்போக்கில் வளர்த்தவர் ஸ்ரைன்பெக். 1941 டிசம்பரில் வந்த நூலின் முகப்பில் இருவர் பெயரும் இருந்தன. அமெரிக்கா போரிற் புகுந்த அம்மாதத்தில் அதனை ஏறெடுத்துப் பார்த்தார் சிலரே. 1951இல் பயணப் பகுதி மட்டும் தனி நூலானபோது, ஆசிரியராக ஸ்ரைன்பெக் ஒருவரே குறிக்கப்பட்டார். மறைந்த நண்பர் பற்றிய நினைவுரை அதன் முன்னே சேர்க்கப்பட்டது. 1945இல் வெளிவந்த நாவலொன்றில் ‘டொக்’ என்னும் பாத்திரமாக வாசகர் அறிந்தவரும் அவரே. கற்பனைப் பாத்திரத்தின் புகழ் உண்மை அறிஞரை மறைத்துவிட்டது எனலாம்.

அவர் கொள்கைக்குக் கடுஞ்சோதனை அவர் வாழ்ந்த தெருவிலேயே நேர்ந்தது. 1941–42ஆம் பருவத்தில் மொன்ரரேயில் ஏறத்தாழ 250,000 தொன் சாளை மீன் இறக்கப்பட்டது. சில ஆண்டுகளுள் அத்தொகை பெருவீழ்ச்சி அடைந்தது. மீன் எங்கே சென்றதென்று ஊரார் திகைத்தனர். றிக்கெற்ஸ் அப்போது ஒரு தகரமீன் தொழிற்சாலையில் இரசாயனப் பரிசோதகராய் ஊதியம் பெற்றுவந்தார். அவ்வாறிருந்தும் உள்ளூர்ச் செய்தித்தாளிலே தம் கணிப்பை மறையாது எழுதினார். நீரின் வெப்பநிலை மாற, நுண்ணுயிர் உணவு குறைகிறது. உணவு குறைய, மீனின் பெருக்கம் தளர்கிறது. அத்தளர்ச்சியிலும் அளவின்றிப் பிடித்தால் இனம் மீளுவது அரிது என்பது அவர் வாதம். பாறைக்கு உரைத்த அதே நியாயந்தான் பெருங்கடலுக்கும். தொழிற்சாலைகள் செவிசாய்க்கவில்லை, பின்னர் ஒவ்வொன்றாய் மூடுண்டன.

1945, 1946ஆம் ஆண்டுக் கோடைகளில் வன்கூவர் தீவின் மேற்குக் கரையை ஆராய்ந்தார். இன்று ஹைடா குவாய் எனப்படும் வடதீவுகளுக்கும் சென்றார். வடகரை பற்றிய மூன்றாவது நூலுக்காக 1948இல் ஸ்ரைன்பெக்குடன் மீண்டும் செல்ல எண்ணியிருந்தார். அதற்கிடையில் மே 8ஆம் நாள் மாலை, ஆய்வுகூடத்துக்கு அண்மையில் இருப்புப்பாதையைக் கடந்த அவரது காரைப் புகையிரதம் மோதியது. மூன்று நாட் கழித்து, ஐம்பத்தோராம் பிறந்தநாளுக்கு மூன்று நாள் முன்னதாக, அவர் உயிர் நீத்தார். அந்நூல் எழுதப்படாமலே போயிற்று.

1960இல் ஸ்ரைன்பெக், வீடுபோல் அமைத்த வண்டியொன்றில், சார்ளி என்னும் நாயைத் துணைக்கொண்டு அமெரிக்காவைச் சுற்றிவந்தார். வழியில் மொன்ரரேக்கும் சென்றார். அங்கே வரவேற்க றிக்கெற்ஸ் இல்லை. ஆயினும் அந்த மரக்கட்டட ஆய்வுகூடம் இன்றும் அத்தெருவில் நிற்கிறது. ஒருகால் ஐயுறப்பட்ட அவர் நூல் 1985இல் ஐந்தாம் பதிப்புக் கண்டது. ஓர் உயிரை அதன் இடத்தோடும் அயலாரோடும் சேர்த்து நோக்குவதே இன்று சூழலியலின் அரிச்சுவடி. மாணவர்க்கு இயற்கையைக் கற்பிப்போர், ஜாடியில் அடைத்த மாதிரியோடு நில்லாது, அது வாழ்ந்த பாறையையும் காட்டுதல் வேண்டும். ஜாடிகளை விற்றுச் சீவித்த ஒருவர் உலகுக்கு விட்டுச்சென்ற பாடம் அதுவே.