மசாஜ் கன்னுக்கு முன்பே கையடக்க மோட்டார்: யார் இந்த ஜி.டி.நாயுடு?

வைகை அணையைச் சுத்திப் பார்த்து கால் வலிச்சா, இப்போ மசாஜ் கன் இருக்கு. அதன் உயிரே கைக்குள் அடங்கும் குட்டி மோட்டார்தான். அப்படியொரு மோட்டாரை 1930-களிலேயே ஷேவிங் ரேசருக்குள் வைத்தவர் கோவை ஜி.டி.நாயுடு.

1893-ல் கலங்கல் கிராமத்தில் பிறந்தார். படிப்பு பாதியில் நின்றது. ஹோட்டல் சர்வராகி, சேர்த்த காசில் மோட்டார் சைக்கிள் வாங்கி, அக்கக்காகக் கழற்றி மாட்டினார். அதுதான் அவருக்கு காலேஜ்! 1920-ல் பொள்ளாச்சி - பழனி இடையே ஒற்றை பஸ் ஓட்டினார்.

காப்புரிமை பெற்ற அவரது 'ரசன்ட்' ரேசர் பேட்டரி செல்லில் ஓடியது. ஆனால், அதன் மோட்டார் தயாரானது ஜெர்மனியில்! 1937-ல் பாலசுந்தரம் நாயுடுவுடன் சேர்ந்து கோவையிலேயே மின் மோட்டார் உருவாக்கினார்.

1974-ல் மறைந்தார். தேனி தோட்டங்களில் தண்ணீர் இறைக்கும் கோவை மோட்டார்களின் கதை, அவரிடமிருந்தும் தொடங்குது.