ஆற்றைத் திருப்பிய கர்னல்

கம்பம் பள்ளத்தாக்கில் தை பிறந்தால் சூரியனுக்கு மட்டுமல்ல, ஒரு வெள்ளைக்காரருக்கும் பொங்கல் வைக்கிறார்கள். அவர்தான் கர்னல் ஜான் பென்னிகுக்.

அவர் 1841-ம் ஆண்டு ஜனவரி 15-ந் தேதி பூனாவில் பிறந்தார். தந்தை பட்டாளத்து அதிகாரி. 1849-ல் பஞ்சாபில் நடந்த சில்லியன்வாலா சண்டையில் தந்தையும் அண்ணனும் ஒரே நாளில் மாண்டார்கள். சிறுவன் ஜானுக்கு எட்டு வயது நிறைய அப்போது இரண்டு நாள் பாக்கி. பின்பு இங்கிலாந்தில் எஞ்சினியரிங் படித்து, 1860-ல் இந்தியாவுக்கு வந்தார்.

அந்த நாளில் வைகையை நம்பி விதைத்தவர்கள் வானத்தைப் பார்த்தே நின்றார்கள். 1876-ல் தொடங்கிய தாது வருஷப் பஞ்சம் மதுரைச் சீமையை வாட்டியது. மலைக்கு அப்பாலோ, பெரியாறு பொங்கி ஓடி மேற்குக் கடலில் விழுந்தது! அதைக் கிழக்கே திருப்பும் யோசனை பழசு. 1867-ல் மேஜர் ரைவ்ஸ் என்பவர் 162 அடி உயர மண் அணைக்குத் திட்டம் போட்டார். 1882-ல் அதைத் திருத்தும் பொறுப்பு பென்னிகுக்கிடம் வந்தது.

மண் அணையை மாற்றி, சுண்ணாம்பும் செங்கல் பொடியும் கலந்த காங்கிரீட் அணை என்றார் அவர். பொருள் மாறியதோடு போயிற்றா? அணையின் உயரத்தைப் பொறுத்தது ஏரியின் நீர்மட்டம். அந்த மட்டத்தைப் பார்த்துத்தான் மலையைக் குடையும் சுரங்கத்தின் வாயை வைக்க வேண்டும். வாய் பத்தடி மேலே போய்விட்டால், ஏரியில் தண்ணீர் கிடந்தும் மதுரைக்கு வராது. சுரங்கம் விடும் நீரைக் கீழே ஆறும் வாய்க்காலும் தாங்க வேண்டும். வீட்டு வாசலைத் தள்ளி வைத்தால் படிக்கட்டையும் தள்ளி வைப்பது போலத்தான். முழு வீட்டையும் இடிக்க வேண்டாம். மாற்றம் தொட்ட இடங்களைத் திருத்தினால் போதும். ஆனால் அவற்றில் ஒன்றை மறந்தாலும் கணக்கு கெட்டுவிடும்.

1886-ல் திருவிதாங்கூரோடு ஒப்பந்தம் ஆயிற்று. மறு ஆண்டு வேலை தொடங்கியது. அடர்ந்த காடு, மலேரியாக் காய்ச்சல். ஆற்றை மறித்துப் போட்ட தற்காலிகக் கரைகளை வெள்ளம் அடித்துக்கொண்டு போனது. மறுபடியும் கட்டினார்கள், மறுபடியும் போனது. கூலி ஆட்கள் பலர் மாண்டார்கள். சொத்தை விற்று அணையை முடித்தார் பென்னிகுக் என்று ஊரில் கதை சொல்வார்கள். பணம் போட்டது சென்னை மாகாண சர்க்கார். ஆனால் அவர் பட்ட பாடு கதையல்ல.

1895 அக்டோபர் 10-ந் தேதி கவர்னர் வென்லாக் பிரபு அணையைத் திறந்து வைத்தார். அணையின் உயரம் 155 அடி. சுரங்கத்தின் நீளம் ஒரு மைலுக்குச் சற்று அதிகம். ஏரியில் 104 அடிக்கு மேல் நிற்கும் தண்ணீர்தான் இந்தப் பக்கம் வரும்.

அதன்பின் பென்னிகுக் இங்கிலாந்து திரும்பி, கூப்பர்ஸ் ஹில் எஞ்சினியரிங் கல்லூரிக்குத் தலைவரானார். 1911 மார்ச் 9-ந் தேதி காலமானார். 1959-ல் முதல் மந்திரி காமராஜர் திறந்து வைத்த வைகை அணையில், இன்றும் மலை தாண்டி வரும் அந்தத் தண்ணீர் சேருகிறது.