கல்வாவின் தாள்களைக் காத்த இருவர்

இடம்பெயர்ந்த நாட்களைப் பற்றிப் பேச்செடுத்தால், அம்மா முதலில் சொல்வது விட்டுவந்த தாள்களைத்தான்: காணி உறுதி, பிறப்புச் சான்றிதழ், என் பாடசாலைக் கொப்பிகள். அதனாலோ என்னவோ, பிரெஞ்சுக் கணிதவியலாளர் எவரிஸ்ற் கல்வாவைப் பற்றிப் படித்தபோது, அவர் எழுதியவற்றுக்கு என்ன நடந்தது என்றே தேடினேன்.

1811 ஒக்ரோபர் 25இல் பரிஸுக்கு அருகே பிறந்தவர் கல்வா. தந்தை ஊர் மேயர். 1829இல், அரசியல் பகையில் கிளப்பப்பட்ட அவதூறைத் தாங்காமல் அவர் உயிரை மாய்த்துக்கொண்டார். சில வாரங்களில் நடந்த நுழைவுப் பரீட்சையில் மகன் இரண்டாம் முறையும் தோற்றார். 1830இல் விஞ்ஞானக் கழகத்துக்குக் கொடுத்த கட்டுரை, அதைப் பார்வையிடவிருந்த ஃபூரியே இறந்ததும் காணாமற்போனது. மறுபடி எழுதிக் கொடுத்தார். தெளிவில்லை என்று 1831இல் திருப்பிவிட்டார்கள். குடியரசுவாதியான அவர் சிறைக்கும் போனார்.

1832 மே 30 காலை ஒரு துப்பாக்கிச் சண்டை. முதல் நாள் இரவு, நண்பர் ஒகுஸ்ற் செவாலியேக்குத் தன் கண்டுபிடிப்புகளைச் சுருக்கி நீண்ட கடிதம் எழுதினார். வயிற்றில் குண்டு பாய்ந்து மே 31இல் இறந்தார். வயது 20. பொதுக்குழியில் புதைக்கப்பட்டார்.

அந்தக் கடிதத்தில் 60 என்ற எண்ணுக்கு ஓர் இடமுண்டு. கறுப்பு வெள்ளை உதைபந்தை, முன்போலவே தோன்றும்படி எத்தனை விதமாகத் திருப்பலாம்? அசையாமல் விடுவதையும் சேர்த்து 60. இப்படிப்பட்ட மாற்றங்களின் தொகுதியைக் கணிதத்தில் ‘கூட்டம்’ என்பார்கள். பகா எண்களைப்போல மேலும் பிரிக்க முடியாதவை எளிய கூட்டங்கள். உறுப்புகளின் எண்ணிக்கை பகா எண்ணாக இல்லாத எளிய கூட்டங்களில் மிகச் சிறியது இந்த 60தான் என்று கல்வா குறித்திருந்தார்.

பந்தின் ஒரு கறுப்புக் கட்டத்தை மையமாக வைத்து ஐந்தில் ஒரு பங்கு திருப்புங்கள். பிறகு அதற்கு அடுத்த கறுப்புக் கட்டத்தை வைத்து அதேபோலத் திருப்புங்கள். இந்த இரண்டையும் திரும்பத் திரும்பச் சேர்த்தால் 60 நிலைகளும் கிடைத்துவிடும். முடிவுள்ள எந்த எளிய கூட்டத்தையும், அது எவ்வளவு பெரிதானாலும், இரண்டே உறுப்புகளால் பிறப்பிக்கலாம் என்பது பின்னாளில் உறுதியானது. அந்த நீண்ட வழியின் தொடக்கத்தில் கல்வாவின் தாள்கள் இருக்கின்றன.

அவை தாமாகத் தப்பவில்லை. தம்பி அல்பிரட்டும் செவாலியேயும் அவற்றைப் பிரதி எடுத்துக் கணித அறிஞர்களுக்கு அனுப்பினார்கள். 1846இல், இறந்து 14 ஆண்டுகளின் பின், லியூவில் தன் சஞ்சிகையில் வெளியிட்டார்.

என் கொப்பிகளில் பெரிதாக ஒன்றும் இருந்திருக்காது. ஆனால் உங்கள் வீட்டில், திரும்பி வராத ஒருவரின் கையெழுத்து எஞ்சியிருந்தால், விளங்கவில்லை என்பதற்காக எறிந்துவிடாதீர்கள். ஒரு பிரதி எடுத்து வையுங்கள்.