அழுக்குப் பாதங்களை வரைந்த ஓவியர்

1571ஆம் ஆண்டு இத்தாலியின் மிலான் நகரில் பிறந்தவர் மைக்கேலாஞ்சலோ மெரிசி. குடும்பத்தின் சொந்த ஊரான கரவாஜ்ஜோ என்ற பெயராலேயே உலகம் அவரை அறிந்திருக்கிறது. சிறுவயதில் கொள்ளைநோய்க்குத் தந்தையைப் பறிகொடுத்தார். 1584ஆம் ஆண்டு ஓர் ஓவியரிடம் தொழில் கற்கச் சேர்ந்தார். பின்னர் உரோமைக்கு வந்த அவருக்கு, கர்தினால் தெல் மோந்தே தம் இல்லத்தில் இடமளித்து ஆதரித்தார்.

அக்காலத்தில் புனிதர்களை அழகும் பொலிவும் மிக்கவர்களாகப் பார்த்தே மக்கள் பழகியிருந்தனர். கரவாஜ்ஜோவோ தெருவில் கண்ட முகங்களையே புனிதர்களுக்கும் கொடுத்தார். உரோமையின் புனித அகுஸ்தீன் ஆலயத்திற்கு அவர் வரைந்த லொரேத்தோ அன்னை ஓவியத்தில், ஏழைத் திருப்பயணிகள் இருவர் அன்னையின் முன் முழந்தாளிட்டிருக்கின்றனர். அவர்களுள் ஒருவரின் அழுக்கேறிய பாதங்கள் நம்மை நோக்கியே இருக்கின்றன. அந்த ஓவியத்தைக் கண்ட எளிய மக்களிடையே பெரும் பரபரப்பு எழுந்ததாக, அவரது போட்டியாளரான ஓவியர் பாலியோனே எழுதி வைத்துள்ளார்.

ஆனால், எல்லாரும் அவரை ஏற்கவில்லை. அன்னை மரியாவின் இறப்பை அவர் வரைந்தபோது, வீங்கிய உடலோடும் வெறுங்கால்களோடும் ஒரு சாதாரணப் பெண்ணாகவே அன்னையைக் காட்டினார். ஓவியத்தைப் பெறவேண்டிய கார்மேல் சபைத் துறவியர் அதை ஏற்க மறுத்தனர். ரூபென்ஸ் என்ற ஓவியரின் பரிந்துரையால் மாந்துவா நாட்டுக் கோமகன் 1607இல் அதை வாங்கினார். உரோமையிலிருந்து அனுப்பப்படும் முன், ஓவியர்களின் விருப்பத்திற்கிணங்க அது ஒரு வாரம் பார்வைக்கு வைக்கப்பட்டது. இன்று அது பாரிசின் லூவர் அருங்காட்சியகத்தில் உள்ளது.

அந்த ஒரு வாரத்தைக் காண கரவாஜ்ஜோ உரோமையில் இல்லை. முன்கோபியான அவர், 1606ஆம் ஆண்டு மே மாதம் நடந்த சண்டையில் ஒருவரைக் கொன்றுவிட்டுத் தப்பி ஓடியிருந்தார். நேப்பிள்ஸ், மால்டா, சிசிலி என அலைந்தார். மன்னிப்பை எதிர்நோக்கி உரோமைக்குத் திரும்பும் வழியில், 1610ஆம் ஆண்டு ஜூலையில், 38ஆம் வயதில் இறந்தார். பின்னர் நெடுங்காலம் உலகம் அவரைப் பெரிதாக மதிக்கவில்லை. 1951ஆம் ஆண்டு மிலானில் நடந்த கண்காட்சியில்தான் மக்கள் திரள்திரளாக வந்து அவரது ஓவியங்களைக் கண்டனர்.

அவரது வாழ்வு நாம் பின்பற்றத்தக்கதன்று. ஆயினும், ஆலயத்தின் கடைசி வரிசையில் நிற்பவர்களைப் பீடத்தின் மேலிருந்த ஓவியத்திற்குள் அவர் கொண்டுவந்தார். அங்கே தங்களைக் கண்டு வியந்தோர் உண்டு. முகம் சுளித்தோரும் உண்டு. புழுதி படிந்த பாதங்களோடு ஒருவர் இன்று நம் ஆலயத்தில் நமக்கு முன்னே முழந்தாளிட்டால், நாம் இவர்களுள் யாராக இருப்போம்?