அந்த சோலோ அவர் வாசிச்சதே இல்ல

பீட்டில்ஸ் பாட்டுல பெஸ்ட் கிட்டார் சோலோ எதுன்னு கேட்டா, பாதிப் பேர் 'வைல் மை கிட்டார் ஜென்ட்லி வீப்ஸ்' என்பார்கள். கொஞ்சம் விவரமானவன் 'டாக்ஸ்மேன்' என்பான். ரெண்டுமே ஜார்ஜ் ஹாரிசன் எழுதிய பாட்டுதான். ஆனா ரெண்டிலும் சோலோ வாசித்தது அவர் இல்லை. முதலாவதில் எரிக் கிளாப்டன், இரண்டாவதில் பால் மெக்கார்ட்னி. இத்தனைக்கும் குழுவின் லீட் கிட்டாரிஸ்ட் ஜார்ஜ்! அந்த மனுஷனோட கைக்கு என்ன மதிப்புன்னு யாருமே பேச மாட்டேங்கறாங்க.

1943-ல் லிவர்பூலில் பிறந்தவர். அப்பா பஸ் ஓட்டியவர். ஜார்ஜுக்கு வாய்ப்பு கிடைத்ததும் ஒரு மாடி பஸ்ஸில்தான். 1958-ல் ஜான் லெனனின் குழுவில் சேர வந்தபோது, ரொம்பச் சின்னப் பையனா இருக்கானேன்னு லெனன் தயங்கினார். பஸ்ஸின் மேல்தட்டில் உட்கார்ந்து 'ராஞ்சி' என்ற இசைத்துண்டைப் பிசகாமல் வாசித்துக் காட்டினார் ஜார்ஜ். சேர்த்துக்கிட்டாங்க. 1960-ல் ஹாம்பர்க் கிளப்களில் ராத்திரி ராத்திரியாக வாசித்தார்கள். அங்கேயும் வயசுதான் பிரச்சினை. 18 ஆகலைன்னு ஜெர்மனியிலிருந்து திருப்பி அனுப்பிட்டாங்க.

அப்புறம் உலகப் புகழ். ஆனா பெரும்பாலான பாட்டுகள் லெனன், மெக்கார்ட்னியுடையவை. ஜார்ஜுக்குக் கிடைத்தது பாட்டு நடுவில் சில நொடிகள். வேற ஆளா இருந்தா அந்த நேரத்துக்குள்ள தன் வேகத்தையெல்லாம் கொட்டியிருப்பார். இவர் அதுக்குள்ள ஒரு குட்டிப் பாட்டையே வைப்பார். கேட்டு முடித்ததும் அவர் சோலோவை வாயால் பாடிவிடலாம், கவனிச்சிருக்கீங்களா?

1966-ல் வந்த 'ஐம் ஒன்லி ஸ்லீப்பிங்' நம்ம டிபார்ட்மென்ட் ஆட்களுக்கான கேஸ். கிட்டார் கம்பியைத் தட்டினால் சத்தம் சட்டென எழும்பி மெல்லத் தேயும். டேப்பைத் திருப்பி ஓட்டினால், மெல்ல வீங்கி வந்து பட்டென அறுந்துபோகும். தூக்கக் கலக்கத்தைப் பாடும் பாட்டுக்கு அது கச்சிதம். எதையோ வாசித்துத் தலைகீழாக ஓட்டியிருந்தால் அது வெறும் எஃபெக்ட். ஜார்ஜ் முதலில் தனக்கு வேண்டிய மெட்டை முடிவு பண்ணினார். அதன் ஸ்வரங்களைக் கடைசியிலிருந்து முதலுக்கு வரிசைப்படுத்தி அப்படியே வாசித்தார். டேப்பைத் திருப்பினால் மெட்டு நேராக வரும், ஒலி மட்டும் தலைகீழ். அதுவும் ரெண்டு கிட்டார் பகுதிகளுக்கு! நள்ளிரவு தாண்டியும் அந்த வேலை ஓடியது. சாஃப்ட்வேர் கிடையாது, அண்டூ கிடையாது.

அந்த வருஷமே ரவி சங்கரைச் சந்தித்து, சிதார் கற்க பம்பாய் வந்தார். சில வருஷம் கிட்டாரைவிட சிதாரோடுதான் அதிக நேரம். அதில் பெரிய வித்வான் ஆக முடியாது என்று புரிந்ததும் கிட்டாருக்கே திரும்பினார். அப்போ அந்த வருஷங்கள் வேஸ்ட்டா? 1969 கடைசியில் ஸ்லைடு வாசிக்க ஆரம்பித்தார். விரலில் குழாய் ஒன்றை மாட்டிக் கம்பிமேல் வழுக்கும் முறை அது. ஃப்ரெட்டுகளுக்கு நடுவில் இருக்கும் ஒலிகளெல்லாம் கைக்கு வரும். ஸ்லைடு என்றாலே ப்ளூஸ் என்றிருந்த காலத்தில், இவருடையது சிதாரின் மீண்ட் போல ஒரு ஸ்வரத்திலிருந்து இன்னொன்றுக்கு இழைந்து போனது. 1970-ன் 'மை ஸ்வீட் லார்ட்' கேளுங்க, தெரியும். அந்தப் பாட்டின் மெட்டு பழைய பாட்டொன்றின் சாயல் என்று வழக்குப் போட்டு ஜெயித்தார்கள். ஸ்லைடு மேல யாரும் கேஸ் போட முடியல!

2001 நவம்பர் 29-ல், 58 வயதில், புற்றுநோயால் இறந்தார்.

2023-ல் பீட்டில்ஸின் கடைசிப் பாட்டாக 'நவ் அண்ட் தென்' வந்தது. அதில் ஒரு ஸ்லைடு சோலோ உண்டு. கண்ணை மூடிக் கேட்டால் ஜார்ஜேதான். வாசித்தது மெக்கார்ட்னி. 'டாக்ஸ்மேன்' சோலோவைத் தன் பாணியில் வாசித்த அதே ஆள், இந்த முறை ஜார்ஜின் பாணியில் வாசித்தார்.