கடைசிப் பாட்டுக்குக் காத்திருந்த கூட்டம்

மதுரை மணி ஐயர் வரலாறு

சென்னை மயிலாப்பூர் கபாலீசுவரர் கோயிலில் மதுரை மணி ஐயர் கச்சேரி என்றால், கூட்டம் அலைமோதும். மயிலாப்பூர், மந்தைவெளி, ராயப்பேட்டை என்று சுற்றுப்புறங்களில் இருந்து ஜனங்கள் நடந்தே வருவார்கள். சங்கீதம் படித்தவர்களும் வருவார்கள். ராகத்தின் பெயர்கூடத் தெரியாதவர்களும் வருவார்கள்.

மணிக்கணக்கில் பாட்டு நடக்கும். இரவு ஏறிக்கொண்டே போகும். ஆனாலும் கூட்டம் கலையாது. கடைசியில் வரும் ஒரு சின்ன உருப்படிக்காக அது காத்திருக்கும்.

அந்த உருப்படிக்கு வார்த்தைகளே கிடையாது. ச, ரி, க, ம என்ற சுரங்கள் மட்டுமே உண்டு. அதன் பெயர் இங்கிலீஷ் நோட்டு.

மதுரைச் சிறுவன்

மணி ஐயர் 1912-ம் ஆண்டு அக்டோபர் 25-ந் தேதி மதுரையில் பிறந்தார். பெற்றோர் வைத்த பெயர் சுப்பிரமணியன். அது சுருங்கி மணி ஆயிற்று.

தந்தை ராமசாமி ஐயர் கோர்ட்டில் குமாஸ்தா. சங்கீத ஞானம் மிகுந்தவர். அவருடைய சகோதரர்தான் புகழ்பெற்ற பாடகர் மதுரை புஷ்பவனம். எனவே, வீட்டில் எப்போதும் பாட்டுப் பேச்சுத்தான்.

ஒன்பது வயதில் ராஜம் பாகவதரிடம் பாடம் தொடங்கியது. பிறகு ஹரிகேசநல்லூர் முத்தையா பாகவதர் மதுரையில் நடத்திய சங்கீதப் பள்ளியில் மணி சேர்ந்தார். 1924-ல், சிறுவனாக இருக்கும்போதே, கச்சேரி மேடை ஏறிவிட்டார்.

மங்கிய பார்வை

மணி ஐயருக்குக் கண் பார்வை குறைவு. வயது ஏற ஏற அது மேலும் மங்கியது. ஆனால், உலக நடப்பை அறியும் ஆசை மங்கவில்லை. நாளேடுகளையும் புத்தகங்களையும் பிறரைப் படிக்கச் சொல்லிக் கேட்பார்.

அவருடைய குரல் இடி போன்றது அல்ல. மெல்லிய குரல். ஆனால், சுருதியோடு இழைந்து நிற்கும். சுரம் பாடத் தொடங்கினால், மணிகளைக் கோத்தது போல ஒன்றன்பின் ஒன்றாக வந்து விழும். தாளக் கணக்குத் தெரியாதவரும் தலையை ஆட்டுவார்கள்.

கோபாலகிருஷ்ண பாரதியாரின் "எப்போ வருவாரோ" அவர் பாடிப் பாடி நாடெங்கும் பரவியது. கபாலி பவனியைப் பற்றிப் பாபநாசம் சிவன் இயற்றிய "காணக் கண் கோடி வேண்டும்" என்ற பாட்டும் அப்படித்தான். கண் பார்வை குறைந்தவர், கோடிக் கண் கேட்கும் பாட்டைப் பாடினார். கேட்டவர்கள் மனம் உருகினர்.

குரு தந்த செல்வம்

இங்கிலீஷ் நோட்டை இயற்றியவர் குருநாதர் முத்தையா பாகவதர். வெள்ளைக்காரர்களின் பாண்டு வாத்திய இசையைப் போன்ற துள்ளல் நடை அதற்கு உண்டு.

இதற்கு முன்னோடியும் உண்டு. முத்துசாமி தீட்சிதர் மேல்நாட்டு மெட்டுகளைக் கேட்டு, அவற்றுக்கு சமஸ்கிருதத்தில் பாட்டுக் கட்டினார். அவற்றை நோட்டு சுர சாகித்தியங்கள் என்பார்கள்.

முத்தையா பாகவதர் தந்த நோட்டை ஊர் அறியச் செய்தவர் சீடர் மணி ஐயர்தான்.

கடைசியில் ஏன்?

கச்சேரிக்கு ஒரு வரிசை உண்டு. இன்று நாம் கேட்கும் வரிசையை வகுத்த பெருமை அரியக்குடி ராமானுஜ ஐயங்காரைச் சேரும். முதலில் வர்ணம். பிறகு கீர்த்தனைகள். நடுவில் பெரிய ராகமும், மிருதங்கத்தின் தனி ஆவர்த்தனமும். அதன் பின் துக்கடாக்கள். முடிவில் மங்களம்.

துக்கடா என்றால் சிலருக்கு இளப்பம். கனமான பாட்டு முடிந்ததுமே எழுந்து போய்விடுவார்கள். ஆனால், விருந்து எவ்வளவு பெரிதாக இருந்தாலும், வெற்றிலை பாக்கு இல்லாமல் அது நிறைவதில்லை. நல்ல கடைசிப் பாட்டும் அப்படித்தான்.

அது நீளமாக இருக்கக் கூடாது. கேட்பவர் களைத்திருப்பார். வித்தையைக் காட்டவும் கூடாது. அதற்கு உரிய இடம் முன்பே வந்து போயிற்று. கனமான ராகங்களில் ஆழ்ந்திருந்த மனத்தை அது லேசாக்க வேண்டும். வீட்டுக்கு நடக்கும்போது வாயில் முணுமுணுக்க ஒரு மெட்டைக் கையில் கொடுத்து அனுப்ப வேண்டும்.

இங்கிலீஷ் நோட்டில் இவை எல்லாம் இருந்தன. வார்த்தை இல்லாததால் பாஷை தெரியாதவர் என்று யாரும் இல்லை. பண்டிதரும் பாமரரும், பெரியவரும் குழந்தையும் அங்கே ஒன்று.

ஆனால், பாடுகிறவருக்கு அது எளிதல்ல. மணிக்கணக்கில் பாடிய தொண்டை ஓய்வு கேட்கும் நேரம் அது. அப்போது துரித நடையில், ஒரு சுரமும் பிசகாமல் பாட வேண்டும். களைப்பு குரலில் தெரிந்தால் துள்ளல் போய்விடும். மணி ஐயர் களைப்பைத் தம்மோடு வைத்துக்கொண்டார். மகிழ்ச்சியை மட்டும் கூட்டத்துக்குக் கொடுத்தார்.

புகழும் மறைவும்

1959-ல் சென்னை மியூசிக் அகாடமி அவருக்கு சங்கீத கலாநிதி பட்டம் அளித்தது. 1960-ல் மத்திய சங்கீத நாடக அகாடமியின் விருது கிடைத்தது.

1968-ம் ஆண்டு ஜூன் 8-ந் தேதி மணி ஐயர் காலமானார். அப்போது அவருக்கு வயது 55.

அவர் காலத்துப் பழைய இசைத்தட்டில், ஒரு பக்கத்துக்குச் சுமார் மூன்று, நான்கு நிமிஷந்தான் பாட முடியும். முழுக் கச்சேரி அதில் அடங்காது. நல்ல வேளையாக, அவருடைய கச்சேரிகள் சில ஒலிநாடாவில் பதிவாகி இருக்கின்றன.

மருமானும் சீடருமான டி. வி. சங்கரநாராயணன் அந்தப் பாணியைத் தொடர்ந்து பாடி வந்தார். அவர் 2022-ல் மறைந்தார்.

இன்றும் மணி ஐயரின் பதிவுகளைக் கேட்கலாம். நோட்டு தொடங்கினால் குழந்தைகள்கூடத் தாளம் போடுகிறார்கள். அது முடிந்து மங்களம் ஒலிக்கும்போது, கேட்பவர் முகத்தில் புன்னகை நிற்கிறது.

வழியனுப்பும்போதும் சிரித்த முகத்தோடு அனுப்புவது தமிழர் வழக்கம். மணி ஐயர் தம் பாட்டிலும் அதையே செய்தார்.