வெறுங்காலுடன் கடல் கடந்த வீரர்

பொருநைக் கரை மணலில் இளைஞர் வெறுங்காலுடன் பந்தாடுவதை நாம் கண்டிருக்கிறோம். காலணி வாங்க வகையற்றோரின் ஆட்டம் அது என எண்ணுவோரும் உளர். அவ்வெறுங்காலோடு ஸ்காட்லாந்து வரை சென்று ஆடிப் புகழ் கொண்டவர் முகம்மது சலீம்.

1904இல் கல்கத்தாவின் மெட்டியாபுரூசில் பிறந்த இவர், முகமதன் ஸ்போர்ட்டிங் கழகத்தின் வலப்புற முன்வரிசை ஆட்டக்காரராக விளங்கினார். 1898இல் தொடங்கிய கல்கத்தா லீக் கோப்பை, ஐரோப்பியர் அணிகளிடமும் படைப்பிரிவு அணிகளிடமுமே இருந்து வந்தது. 1934இல் முதன்முறையாக அதனை வென்ற இந்தியக் கழகம் முகமதன் ஸ்போர்ட்டிங்கே. 1938 வரை ஐந்தாண்டுகள் தொடர்ந்து அக்கோப்பை அவர்களை விட்டு நீங்கவில்லை.

1936இல் பெர்லின் ஒலிம்பிக் போட்டிக்குச் செல்லும் வழியில் சீன அணி இந்தியாவில் ஆடியது. முதல் ஆட்டத்தில் இந்திய அணிக்காகக் களமிறங்கிய சலீம், அடுத்த ஆட்டத்திற்குள் உறவினர் ஹாஷிமுடன் கப்பலேறிவிட்டார். நாட்டு அணியை இடையில் விட்டுச் சென்றது முறையா என்று கேட்போர்க்கு நம்மிடம் நல்ல விடை இல்லை. எனினும் அப்பயணம் நிகழாதிருந்தால் இவ்வரலாறும் இல்லை.

கிளாஸ்கோ நகரின் செல்டிக் கழக மேலாளர் வில்லி மேலியிடம் ஹாஷிம் சென்று, சலீமுக்கு ஒரு வாய்ப்பு வேண்டினார். காலணியின்றி ஆடுபவரா எனத் தயங்கியவர், சோதனை ஆட்டத்தைக் கண்டபின் இசைந்தார். கால்ஸ்டன் அணியை 7-1 என்றும், ஹாமில்டன் அணியை 5-1 என்றும் செல்டிக் வென்ற ஆட்டங்களில் சலீம் பங்கு கொண்டார். அந்நாட்டு ஏடுகள் அவர் காலில் பந்து ஒட்டிக்கொண்டதுபோல் நின்றதை வியந்து எழுதின. ஐரோப்பியக் கழகமொன்றிற்கு ஆடிய முதல் இந்தியராக அவர் கருதப்படுகிறார்.

அக்காலத்து நிழற்படம் ஒன்று நம் நெஞ்சை விட்டு அகலாதது. சலீம் அமர்ந்திருக்கிறார், செல்டிக் பயிற்றுநர் ஜிம்மி மெக்மெனமி குனிந்து அவர் பாதத்திற்குத் துணிக்கட்டுப் போடுகிறார். நம் நாடு அடிமைப்பட்டுக் கிடந்த 1936ஆம் ஆண்டின் காட்சி அது என்பதை மாணவர்கள் மறத்தலாகாது.

செல்டிக் கழகத்தார் தங்கும்படி வேண்டியும், ஊர் நினைவு வாட்ட, சில திங்களில் அவர் கல்கத்தா திரும்பினார். தமக்குரிய ஆட்ட வருவாயை ஆதரவற்ற குழந்தைகளுக்கு அளித்துவிட்டார் என்றும் கூறுவர்.

முதுமையில் அவர் நோயுற்றபோது, அவருடைய மகன் மருத்துவச் செலவுக்கெனச் செல்டிக் கழகத்திற்கு ஒரு மடல் எழுதினார். பணம் பெறுவது அவர் நோக்கமன்று. தந்தையை அங்கு எவரேனும் நினைவில் வைத்திருக்கின்றனரா என்று அறியவே எழுதினார். விடை வந்தது, உடன் நூறு பவுண்டு வரைவோலையும் வந்தது. சலீம் 1980இல் மறைந்தார். அவ்வோலையை மகன் மாற்றவேயில்லை. அப்படியே காத்து வைத்துக்கொண்டார்.